இரண்டு படங்களையும் போடுங்கள்

கமலவேணி இறந்துவிட்டார் என்று அவருடைய அண்ணன் கிள்ளானிலிருந்து அழைத்துச் சொன்னபோது, நான் சுபாங் ஜெயாவில் சிவப்பு விளக்கில் காரோடு நின்றிருந்தேன். மூளையில் ரத்தக்கசிவாம். பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன்.

அவரோடு பழகிய உங்களில் பலருக்கு அவர் ஆய்வகத்தில் என்ன செய்தார் என்று தெரிந்திருக்காது. நாங்கள் இருவரும் ஒரே அறையில் தோல் புற்றுநோய் செல்களைத் தட்டுகளில் வளர்த்தோம். காயம் ஆறும்போது தோலை வளரச் சொல்லும் ஒரு புரதம் நம் உடலிலேயே சுரக்கிறது; வளர்ச்சிக் காரணி என்பார்கள். அது இந்தச் செல்களை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. கொஞ்சமாக விட்டால் செல்கள் பெருகின. அதிகமாக விட்டால் வளர்ச்சி நின்றது. நான் நம்பவில்லை. மறுபடி செய்தோம், அதேதான். "நம்ம ஆசையெல்லாம் செல்லுக்குத் தெரியாது லா," என்றார் கமலவேணி.

அதே புரதம் கலந்த முகக் கிரீம் விற்கும் நிறுவனம் ஒன்றுதான் எங்கள் ஆய்வுக்குப் பண உதவி செய்துவந்தது. வளர்ச்சி நின்றுபோன செல்களின் படத்தை மட்டும் அவர்கள் விளம்பரத்துக்குக் கேட்டார்கள். வந்த மேலாளர் மரியாதையானவர். "ஒரு படம்தானே டாக்டர். பொய் இல்லையே?"

"அப்போ ரெண்டு படத்தையும் போடுங்க," என்றார் கமலவேணி. " உங்க கிரீமால கேன்சர் வருமா, போகுமா, எனக்குத் தெரியாது. இது தட்டுல நடந்தது, மனுஷன் தோல்ல இல்ல."

உதவி நின்றது. என் ஒப்பந்தமும் முடிந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் நுரை பொங்க ஆற்றித் தந்த தே தாரேக் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, "குடுத்திருக்கலாம் கமலா," என்றேன்.

"எனக்கும் அலுத்துப்போச்சு சாந்தி. ஆனா அந்தப் படத்தப் பார்த்துட்டு, ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போகாம கிரீம் தடவிக்கிட்டு உட்கார்ந்தா?"

மறுவாரம் மிச்சமிருந்த தட்டுகளில் அவரே கிருமிநாசினி ஊற்றினார். அதன் பிறகு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதோடு சரி; ஆய்வுக்குத் திரும்பவே இல்லை.

கிள்ளானில், உடலை எடுப்பதற்கு முன், அவருடைய சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இத்தன வருஷம் லேப்லயே கிடந்தாளே, மருந்து ஏதாச்சும் கண்டுபிடிச்சாளாம்மா?"

துக்க வீடு. ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம்.

"இல்ல ஆன்டி. கண்டுபிடிக்கல."

"அவளும் என்கிட்ட அதத்தான் சொன்னா," என்றார்.

கமலவேணியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்: அவரைப் பற்றிக்கூட என்னால் கூட்டிச் சொல்ல முடியவில்லை.