மூலை வேம்பை நட்டது யார்?

செவ்வாய்க்கிழமை, மாலை 6.14: ‘எங்கள் தெரு மூலையில் இருக்கும் வேப்பமரத்தை நட்டது யார்?’

6.15: ‘மன்னிக்கவும், எனக்குத் தெரியவில்லை.’

6.15: ‘பரவாயில்ல. எங்கப்பாட்ட கேட்டா ஏதாச்சும் சொல்லிருவாரு.’

இது என் டைரிக் குறிப்பு அல்ல. எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பேசும் ஸ்பீக்கரின் பதிவு. கேட்டதையெல்லாம் நாள், நேரத்தோடு என் மொபைலில் சேர்த்து வைக்கிறது. தினமும் டைரி எழுதுகிற எனக்கு அதன் மேல் கொஞ்சம் தொழில் பொறாமை... அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன்.

கேட்டவள் என் மகள் ஜெசிந்தா. நான்காம் வகுப்பு. எங்களிடம் ‘வாரேன், போறேன்’ என்பவள், ஸ்பீக்கரிடம் கேள்வி கேட்கும்போது மட்டும் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுவாள். மற்ற நாட்களில் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்பாள். எந்த ட்யூஷனில் இதைச் சொல்லித் தருகிறார்கள்?

அதெல்லாம் சரி. என்னைக் குத்தியது அந்த ‘ஏதாச்சும்’.

ஏனென்றால், அன்று அவள் கேட்டதும் நான் சொல்லியிருந்தேன் – தெரு வாட்டர் டேங்க் திறந்த வாரம், அதைக் கட்டிய கான்ட்ராக்டர் நட்டது என்று. வருடத்தோடு. திங்கட்கிழமை பள்ளி பிரேயரில் ‘எங்கள் தெரு’ பற்றிப் பேச வேண்டும். அப்படியே நோட்டில் எழுதி, கீழே ‘தகவல்: என் அப்பா’ என்றும் போட்டுக்கொண்டாள்.

உண்மையில் எனக்குத் தெரிந்தது டேங்க் கட்டிய வருடம் மட்டும். பக்கத்தில் கான்ட்ராக்டரை நிறுத்தி மரத்தை நட்டது என் வாய்தான்!

சனிக்கிழமை பதிவைப் பார்த்ததும் மனைவி ஸ்டெல்லாவிடம் காட்டினேன்.

“வருஷத்தச் சேத்துச் சொன்னா ஒருத்தரும் திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்” என்றாள். கல்யாணமான நாளாகக் கேட்கிறவள்.

மகளைக் கூப்பிட்டேன். “பாப்பா, அந்த மரம்... அப்பாக்கு நிச்சயமாத் தெரியாதும்மா.”

“அப்ப ஏன் வருஷமெல்லாம் சொன்னீங்க?”

டிவிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரைக் கைகாட்டினாள்.

“அது தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருதுப்பா. நீங்க ஒரு தடவகூடச் சொன்னதில்ல.”

நோட்டை எடுத்து அந்த வரியை அடித்தாள். கூடவே ‘தகவல்: என் அப்பா’வையும்.

இருவரும் தெரு மூலைக்குப் போனோம். அங்கே சவரிமுத்து குடிநீர் வால்வைத் திறந்துகொண்டிருந்தார். பல வருடமாக எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுபவர்.

“நான் வேலைக்கு வாரப்பவே மரம் நெழலு குடுத்துட்டு நின்னுச்சு ஆத்தா. டேங்கு அதுக்குப் பெறகுதான். நான் பாக்கக் கட்டுனது.”

“அப்ப யாரு வச்சது, மாமா?”

“அது தெரியாதே.”

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். “பாத்தீங்களா? இவுகளும் சொல்லிட்டாக.”

குழந்தைகள் பதிலை மட்டுமா கற்றுக்கொள்கிறார்கள்? பதில் சொல்லும் விதத்தையும்தான். இந்த ஸ்பீக்கர்களும் சில சமயம் தெரியாததை அடித்துவிடுவதுண்டாம் – அப்பாக்களிடம் கற்றிருக்கும்.

திங்கட்கிழமை பிரேயரில் வாசித்தாள்: ‘டேங்கைவிட மரம் மூத்தது. தகவல்: சவரிமுத்து மாமா. நட்டது யார் என்று தெரியவில்லை. என் அப்பாவுக்கும் தெரியாது.’

அன்று மாலை டைரியில் எழுதினேன்: ‘மூலை வேம்பை நட்டவர் – இன்றுவரை உறுதியாகவில்லை.’

பக்கத்தில் வருடம் எதுவும் போடவில்லை.