கவிழ்த்து வைத்த டேப்லெட்

ஒரோசாலியின் விரல் டேப்லெட்டுக்குத் தெரியவில்லை. அதுதான் முதல் சிக்கல். தோலோன் கணவாயில் பனி ஒதுக்கும் கிரேடரை வாழ்நாளெல்லாம் ஓட்டியவர் அவர். குளிர்ந்த இரும்பைப் பிடித்துப் பிடித்து விரல் நுனிகள் காய்த்துச் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டன. கண்ணாடியைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. நடக்கவில்லையே என்று அழுத்துவார். அழுத்தினால் திரையில் இருக்கிற படங்களெல்லாம் நடுங்க ஆரம்பிக்கும். இன்னும் அழுத்தினால் ஏதாவது ஒன்று காணாமல் போகும்.

"அழுத்தாதீங்க அத்தா. தொட்டா போதும்," என்றாள் மகள் பெர்மெட்.

"தொட்டேன். கேக்கல."

"மெதுவாத் தொடுங்க."

"மெதுவாத் தொட்டா அதுக்கு எப்படித் தெரியும்? நான் மெதுவாத் தொட்டு இதுவரைக்கும் எதுவும் நகந்ததில்ல."

"விரலைக் கொஞ்சம் நக்கிட்டுத் தொடுங்க. ஈரமா இருந்தா கேக்கும்."

"நான் என்ன பூனையா?"

டேப்லெட்டை வாங்கி அனுப்பியது மகன் தாலாய். அவன் ரஷ்யாவில் லாரிப் பட்டறை ஒன்றில் இருக்கிறான். பெர்மெட் நாரின் மாவட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ். மணவாழ்க்கை முறிந்து அப்பா வீட்டுக்கே திரும்பியவள். அம்மா கூலிபா இறந்தபிறகு வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். துருக்கியில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு முதியவரைக் கவனித்துக்கொள்ள அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை விமானம். யாரோ ஒருவரின் அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காகத் தன் அப்பாவைத் தனியே விட்டுப் போவதில் இருக்கும் கோணல் அவளுக்குத் தெரியாமல் இல்லை. இங்கே வாங்கும் சம்பளத்தில் அந்தக் கோணலை நிமிர்த்த முடியாது என்பதும் தெரியும்.

ஒரோசாலிக்குச் சர்க்கரை வியாதி. இன்னொருவர் வீட்டில் போய் இருக்க மாட்டார். அதனால் பெர்மெட் ஒரு நிபந்தனை வைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் அப்பா யார் துணையும் இல்லாமல் அழைப்பை எடுக்க வேண்டும், பேசிவிட்டு அணைக்க வேண்டும். அதைச் செய்தால் போவாள். இல்லையென்றால் போகமாட்டாள். இதை அப்பாவிடம் சொன்னாள், தம்பியிடம் சொன்னாள், பக்கத்தில் கடை வைத்திருக்கும் சாத்கினிடமும் சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

பாடம் நடந்த விதம் விசித்திரமானது. ஒரோசாலியால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. கணவாயில் வேலை பார்த்தவர்கள் பலரும் அப்படித்தான். புயல் வரும்வரை ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது, வந்தபின் கண் மூடாமல் ஓட்டுவது என்றே வாழ்ந்தவர்களுக்கு அமைதியான ஒரு மத்தியானம் சந்தேகத்துக்குரியதாகத் தெரியும். அடுப்பைக் கிளறுவார், எழுந்துபோய்க் கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பார், தொழுவத்துக்குப் போவார். டேப்லெட்டை ஏந்திக்கொண்டு பெர்மெட் பின்னாலேயே போவாள்.

"இதைப் பாருங்க. இந்தப் பச்சை வட்டம்."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"நீங்க மாட்டைப் பாக்கறீங்க."

"மாடும் பச்சையத்தான் பாக்குது. அதுக்குக் கத்துக் குடு."

எடுக்கும் வழியை அவரே கண்டுபிடித்தார். ஒருநாள் சலித்துப்போய் விரலை மடக்கி முட்டியால் தட்டினார். முட்டித் தோல் காய்க்காத தோல். டேப்லெட் உடனே கேட்டது, தாலாயின் முகம் வந்தது. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் முட்டிதான். சாத்கின் கடையை விட்டு வந்து வேடிக்கை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் மூத்தவரைக் கூப்பிடுகிற மாதிரி அவள் அவரை பைக்கே என்பாள்.

"என்ன பைக்கே, கதவைத் தட்டறீங்களா?"

"நான் யார் வீட்டுக்குள்ளயும் தட்டாம நுழைஞ்சதில்ல."

சாத்கின் சிரித்தாள். பெர்மெட் சிரிக்கவில்லை. "எடுத்தா மட்டும் போதாது. அணைக்கணும்," என்றாள்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. விரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தாலாய் கூப்பிட்டால் தகப்பனும் மகனும் பட்டறையைப் பற்றி, பனியைப் பற்றி, குதிரை விலையைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் ஒரோசாலி ஆசி சொல்ல வேண்டும். ஆசி சொல்ல இரண்டு கையையும் ஏந்த வேண்டும். கையில் டேப்லெட் இருக்கிறதே. அதை மேசையில் விரித்த சாப்பாட்டு விரிப்பின்மேல், ரொட்டிக்கும் தேநீர்க் கிண்ணத்துக்கும் நடுவில், முகம் கவிழ வைப்பார். பிறகு கையை ஏந்தி, பாதை திறந்திருக்கட்டும், வண்டி உறையாமல் இருக்கட்டும், நல்ல மனிதர்கள் எதிரே வரட்டும் என்று நிதானமாகச் சொல்லி, ஓமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுவார். எழுந்தால் திரும்பிப் பார்க்கமாட்டார்.

விரிப்புக்கு அடியிலிருந்து வருவதுபோல் தாலாயின் குரல் வரும். "அத்தா? இருட்டா இருக்கே. அத்தா?"

"அத்தா, அவன் இன்னும் இருக்கான்," என்பாள் பெர்மெட்.

"ஆசி சொல்லியாச்சு. போகச் சொல்லு."

"நீங்க அந்தச் சிவப்பைத் தட்டணும். தட்டினாத்தான் போவான்."

"ஓமீன் சொன்னப்புறம் யாராவது விரிப்புல கை வைப்பாங்களா?"

"இது சாப்பாடு இல்ல அத்தா."

"விரிப்பு மேலதானே இருக்கு."

"சரி, அப்ப முன்னாடியே தட்டிட்டு அப்புறமா ஆசி சொல்லுங்க."

"ஆள் போனப்புறம் யாருக்குச் சொல்றது? மாட்டுக்கா?"

அவர் அடம்பிடிக்கிறார் என்று பெர்மெட் நினைத்தாள். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் வீடுகளில் ஆசி முடிந்துவிட்டால் ஒரு ரொட்டித் துண்டைக்கூட யாரும் தொடமாட்டார்கள். எவ்வளவு பசித்த குழந்தையும் கையை இழுத்துக்கொள்ளும். ஒரு காரியம் முடிந்துவிட்டது என்பதை மனிதர்கள் தமக்குள் ஒத்துக்கொள்ளும் முறை அது. டேப்லெட்டும் ஒரு முடிவை வைத்திருக்கிறது, சிவப்பு நிறத்தில். இரண்டு முடிவுகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வழியில்லை. எது முதலில் என்ற கேள்விக்கு அதைச் செய்து விற்றவர்களிடம் பதில் இருந்திருக்காது. கேள்வியே எழுந்திருக்காது.

தாலாயாவது அணைத்திருக்கலாம். "அத்தா முகத்தை நான் எப்படி அணைக்கிறது?" என்று அவன் ஒருநாள் போனை அலமாரியில் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டான். இந்தப் பக்கம் ரொட்டியின் இருட்டு, அந்தப் பக்கம் பட்டறைச் சத்தம். மறுநாள் காலை சார்ஜ் தீர்ந்து டேப்லெட் செத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பெர்மெட் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். அப்பா கூரையில் ஏறிப் பனி தள்ளிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"கூரை மேல நிக்கறது ரோட்லயிருந்தே தெரியுமே."

"நான் அங்கயிருந்து பாக்க முடியாது அத்தா. இப்படியே இருந்தா நான் போக முடியாது."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை. மாலையில் பெட்டியைக் கட்டினாள். பிறகு பிரித்து வேறு மாதிரி கட்டினாள். அப்பா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார். அந்த வீட்டில் அந்த வாரம் அசையாமல் இருந்தது சுவர் மட்டும்தான்.

வியாழக்கிழமை கடைசிச் சோதனை. ஆஸ்பத்திரியில் நர்சுகள் உடை மாற்றும் அறையிலிருந்து பெர்மெட் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே முட்டி தட்டும் சத்தம். திரையில் ஒரு மூக்குத் துவாரமும் உத்தரமும் தெரிந்தன.

"தள்ளிப் பிடிங்க அத்தா. மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"எது?"

"வெள்ளை."

"ரெண்டும் வெள்ளைதான்."

"அப்ப ரெண்டும் போட்டேன்."

பேச்சு முடிந்தது. அவர் டேப்லெட்டைக் கவிழ்த்தார். திரை கறுத்தது. இருட்டுக்குள்ளிருந்து ஆசி வந்தது. அவள் பயணத்துக்கான ஆசி, வழக்கத்தைவிட நீளமாக. ஓமீன். பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். சிவப்பைத் தட்டவில்லை. தோற்றுவிட்டார். அணைக்கப்போன பெர்மெட்டின் விரல் நின்றது. கதவு திறந்து சாத்கினின் குரல் கேட்டது.

"பேசிட்டீங்களா பைக்கே? எடுக்கக் கத்துக்கிட்டீங்களே. புத்தி இருக்கா உங்களுக்கு?"

"ஏன்?"

"தெரியல தெரியலன்னு இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா பொண்ணு இங்கயே இருந்திருப்பா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அடுப்புக் கதவு திறந்து மூடியது. நடை. மறுபடி நடை.

"அவ அம்மா இங்கயே இருந்துட்டா," என்றார் ஒரோசாலி. "கூலிபாவுக்கு ஃபுரூன்சேல, இப்ப பிஷ்கெக்குங்கறாங்களே தலைநகரம், அங்க வாத்தியார் காலேஜுல எடம் கெடச்சுது. பெர்மெட் அப்ப கைக்குழந்த. நான் மேல கணவாய்ல கெடந்தேன். போன்னு நான் சொல்லல. இருன்னும் சொல்லல. வாயத் தொறக்கல. அவளா இருந்துட்டா."

"அவ என்னிக்கும் ஒரு குறை சொன்னதில்லையே."

"சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம். தேத்தண்ணி ஊத்தும்போது மட்டும் ஜன்னலப் பாப்பா. நாப்பது வருஷம் அதைப் பாத்தேன். இப்ப இவளும் பாக்க ஆரம்பிச்சிருக்கா. இன்னொரு தடவ என்னால ஆவாது."

சாத்கின் விடவில்லை. "அவ நெசமாவே போகணும்னு நெனைக்கிறாளா? நீங்க தப்பா அழுத்தும்போதெல்லாம் அவ மூஞ்சியப் பாத்தீங்களா பைக்கே? அப்பத்தான் அவளுக்கு மூச்சே வருது."

"பாத்தேன்."

பெர்மெட் அழைப்பை அணைத்தாள்.

நிபந்தனை என்பது எப்போதும் மற்றவர் கையில் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்பா கற்றுக்கொண்டால் போவேன் என்று அவள் சொன்னபோது முடிவை அவர் விரலில் ஏற்றி வைத்திருந்தாள். தகுந்த விரல். அது எதையும் சரியாகத் தொடாது. இதை அன்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அன்புதான். ஆனால் அன்பு சில சமயம் மறைந்துகொள்ளவும் இடம் தரும். அவள் கெட்டிக்காரியாக நடந்துகொண்டாள் என்று சொல்லமாட்டேன். அந்த அறையில் உட்கார்ந்து அதைத் தனக்குத்தானே ஒத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அத்தா, நீங்க சிவப்பைத் தொட வேண்டாம். ஆசி வாங்கினவங்கதானே எழுந்து போகணும்? நான் அணைச்சுக்கறேன். தாலாய்கிட்டயும் சொல்லிடறேன்," என்றாள்.

ஒரோசாலி யோசித்தார். "அது சரி. அதுதான் மொறை. இத முதல்லயே சொல்லியிருந்தா ஒரு வாரம் மிச்சம்."

"அப்ப நான் போகட்டுமா?"

"பெட்டிய மூணு தடவ கட்டிட்ட. போகலன்னா அது கிழிஞ்சுடும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பிஷ்கெக் போகும் வாடகைக் கார் வந்தது. வாசலில் நின்று கையசைப்பது ஒரோசாலிக்கு ஒத்துவராத வேலை. டயரை உதைத்துப் பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டா கணவாய் ஏறப் போற?" என்று டிரைவரைத் திட்டினார். பனியில் வழுக்காதபடி பின்சக்கரத்தில் சங்கிலி கட்டவைத்தார். பிறகு யாரையும் கேட்காமல் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க எங்க வர்றீங்க?"

"மேல வரைக்கும். அங்க எறங்கிக்கிறேன். வர்ற லாரியில திரும்பிடுவேன்."

வழி முழுக்க அவர் மகளோடு பேசவில்லை, டிரைவரோடுதான் பேசினார். இந்த வளைவில் கியர் குறை, அந்த நிழலில் ஐஸ் இருக்கும் என்று. கணவாயின் மேல் சாலைக்காரர்களின் கொட்டகை அருகே கார் நின்றது. காற்று கதவைப் பிடுங்கியது. அவர் இறங்கி, காரின் பக்கம் திரும்பி, கைகளை ஏந்தினார். வாய் அசைந்தது. சொன்னது காற்றில் போய்விட்டது. பெர்மெட்டும் கையேந்தி முகத்தைத் தடவிக்கொண்டாள்.

கண்ணாடியை இறக்கிக் கத்தினாள். "அத்தா, டேப்லெட் எங்க?"

"வீட்ல. அதுக்கு இங்க என்ன வேல?"

கார் இறங்கியது. கோச்கோரில் சிக்னல் வந்ததும் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. பாலிக்சியில் தேநீருக்கு நிறுத்தியபோது கூப்பிட்டாள். எடுக்கவில்லை. விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். பிறகு சாத்கினைக் கூப்பிட்டாள்.

"இன்னும் வரல. அது உள்ள கத்திக்கிட்டே கெடக்கு, கடை வரைக்கும் கேக்குது," என்றாள் சாத்கின். "மேல பசங்களோட உக்காந்து அவங்க கிரேடரக் குத்தம் சொல்லிக்கிட்டிருப்பாரு. உனக்குத் தெரியாதா உங்கப்பன?"

"மாத்திரை?"

"மேல வரைக்கும் போறேன்னாரு, கோட்டுப் பையில நானே போட்டு அனுப்பினேன்."

"ஒருவேளை வழியில..."

"ஒருவேளை ஒருவேளைன்னு நின்னா பிளைட்டு நிக்காது பெர்மெட்."

இன்னொரு முறை வீட்டுக்கு அடித்துப் பார்த்தாள். காலியான வீட்டில், சுத்தமாகத் துடைத்த விரிப்பின்மேல் அது அடித்துக்கொண்டிருக்கும். அவர் எடுக்காவிட்டால் போவதில்லை என்பதுதான் அவள் எல்லோரிடமும் சொன்னது. வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர் பையால் இடித்தார். காதில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்க, பெர்மெட் ஓர் அடி முன்னால் வைத்துப் பாஸ்போர்ட்டை நீட்டினாள்.