மருமகளின் கட்டைவிரலும் மலைப்பாதை லோரிச் சட்டமும்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. தேயிலைத் தோட்டத்து லயன் வரிசை வீட்டில் பிறந்து, காய்கறி லோரியில் மூட்டை ஏற்றும் ஆளாகச் சேர்ந்து, பிறகு அந்த லோரியையே விலைக்கு வாங்கி, தானா ராத்தா டவுனில் மாடியோடு ஒரு கடைவீடும் வாங்கியவன் எதற்குக் கூச்சப்பட வேண்டும்? கேமரன் மலையில் என்னைத் தெரியாத சமையற்கட்டு இருந்தால், அது நேற்றுத்தான் கட்டிய வீடாக இருக்கும்.

என் மருமகள் பிசியோதெரபி படித்தவள். கை கால் பிடிப்பு, இடுப்பு வலி, எலும்பு முறிவு ஆறிய பிறகு வரும் விறைப்பு, இதற்கெல்லாம் பயிற்சி கொடுத்துச் சரிசெய்கிற வேலை. கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்தாள். மகனும் அங்கேதான். பேரப்பிள்ளை பிறந்ததும், மலைக்காற்றில் வளரட்டும் என்று நான்தான் விடாமல் நச்சரித்து மூவரையும் மேலே வரவழைத்தேன். கடைவீட்டின் கீழ்த்தளத்தை அவளுக்கே கொடுத்தேன். வெள்ளைச் சுவர், இரண்டு கட்டில், நடுவில் ஒரு பச்சைத் திரை, வாசல் பக்கம் ஒரு மேசை.

அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். "மாமா, ஒரு வருசம் பார்ப்போம். ஓடலன்னா நாங்க கேஎல்லுக்கே போயிடுவோம். அப்ப கோவிக்கக் கூடாது."

"ஓடலன்னாவா? யாரு வீட்டுல உக்காந்துக்கிட்டு என்ன பேச்சு பேசுற?" என்றேன்.

ஓட வைப்பது என் பொறுப்பாயிற்று. பேரப்பிள்ளை கீழே இறங்கிவிடக் கூடாது என்ற ஒரே கவலைதான். ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவனை எல்லாம் அனுப்பிவைத்தேன். கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கிற பெண்களிடம், கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றுகிற ஆட்களிடம், எங்கு போனாலும் என் மருமகளின் கைராசிதான் பேச்சு. தோட்டத்து லயன்களுக்கு என் வேனையே எடுத்துக்கொண்டு போனேன்.

"டாக்டரம்மா வந்திருக்காங்க, ஏறுங்க."

"அண்ணே, ஊசி போடுவாங்களா?" இதைக் கேட்டது நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய ஓர் அம்மாள். வலது தோள் இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தன் கொண்டையைத் தானே போட முடியாமல் மகள் வேலை முடிந்து வரும்வரை தலைவிரி கோலமாய் உட்கார்ந்திருப்பார்.

"ஊசியா? தொட்டாலே வலி ஓடிரும்லா!"

வேன் நிறையக் கொண்டுவந்து இறக்கினேன். சில மாதங்களிலேயே வாசல் பெஞ்சில் இடமில்லை. என் மருமகள் மட்டும் வெளியே வந்து, "மாமா, நான் டாக்டர் இல்ல. தொட்டா ஓடிரும்னு சொல்லாதீங்க. ஓடலன்னா யாரு பதில் சொல்றது?" என்று கெஞ்சுவாள். நல்ல பிள்ளை, வியாபாரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு பழக்கம்தான் என் வயிற்றை எரித்தது. வந்தவர்களில் சிலரை அவளே வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவாள். சர்க்கரைப் புண்ணோடு வந்தவரை ஈப்போவில் பாதப் புண் பார்க்கிற தாதியிடம். கால் மரத்துப்போனது என்றவரை உடனே மருத்துவமனைக்கு. குழந்தை நடக்கவில்லை என்று தூக்கிவந்த தாயை, பிள்ளைகளை மட்டும் பார்க்கிற இன்னொரு பிசியோவிடம்.

"வந்த லோட அடுத்தவன் லோரியில ஏத்தி விடுறியேம்மா!"

"அது என் லோரியில ஏத்தக் கூடாத லோடு மாமா."

இந்த ஆட்களை எல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்களுக்குள் ஒரு கூட்டம் உண்டு. ஈப்போ, கம்பார், தாப்பா, ரவுப் பக்கம் தனியாகக் கிளினிக் வைத்திருக்கிற பிசியோக்கள். கைப்பேசியில் ஒரு குழு. மாதம் ஒரு ஞாயிறு ஈப்போவில் நேரில் கூடுவார்கள். ஒரே சரக்கு விற்கிறவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். "நானே வேன் ஓட்டுறேன், துணைக்கு வர்றேன்" என்று கிளம்பினேன்.

மூத்தவர் ஒரு மலாய்க்கார அம்மா. எல்லோரும் மரியாதையாகப் புவான் என்றுதான் கூப்பிட்டார்கள். சுவரோரம் நாற்காலி போட்டு, எனக்குச் சுடச்சுடத் தேநீர் கொடுத்தார். மலாயில்தான் பேசினார், மாமா என்பதற்கு என்னைப் பக்சிக் என்றார், மற்றதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"பக்சிக், எங்க பழக்கம் ஒன்னு இருக்கு. வந்தவங்க ஒவ்வொருத்தரும் இந்த மாசம் தங்களால முடியாமப் போன ஒரு கேஸ் சொல்லணும். நோயாளி பேர மட்டும் சொல்லக் கூடாது. ஜெயிச்ச கதை சாப்பாட்டுக்கு அப்புறம்."

காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து, தோற்றதைச் சொன்னார்கள். இந்த முழங்கால் மடங்கவே மாட்டேன் என்கிறது. அந்த ஆள் இரண்டு தடவை வந்து அப்புறம் வரவே இல்லை, என்ன தப்பு செய்தேன் தெரியவில்லை. மற்றவர்கள் சிரிக்கவில்லை. கேள்வி கேட்டார்கள், தங்கள் உடம்பிலேயே செய்துகாட்டினார்கள். கம்பாரிலிருந்து வந்த சீன இளைஞன் ஒருவன், மேசைமேல் படுத்து இன்னொருவரிடம் தன் இடுப்பையே கொடுத்து, "இங்க அழுத்து, இங்க" என்றான்.

புவான் என் பக்கம் திரும்பினார். "பக்சிக் லோரி ஓட்டினீங்களாமே. நீங்க தோத்தது ஏதாவது?"

"இல்ல" என்றேன். அறையே குலுங்கச் சிரித்தது. உண்மையைத்தானே சொன்னேன்!

கடைசியில் என் மருமகள் எழுந்தாள். கொண்டை போட முடியாத அந்த அம்மாளின் தோளைச் சொன்னாள். எத்தனை தடவை பிடித்துவிட்டும் வீட்டுக்குப் போனால் மறுபடி இறுகிவிடுகிறது என்றாள்.

"ஒரு நாளைக்கு எத்தன பேரப் பார்க்குற?" என்று புவான் கேட்டார்.

அவள் சொன்னாள். "எப்படி அவ்வளவு பேர் வர்றாங்க?" என்றான் கம்பார் தம்பி.

"எங்க மாமா வேன்ல கூட்டிட்டு வர்றாரு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து தலையாட்டினேன். புவான் மட்டும் அவள் கையை எடுத்து, கட்டைவிரலின் அடிமூட்டை அழுத்திப் பார்த்தார். அவள் முகம் சுருங்கியது. "இந்தக் கைய வச்சு இன்னும் முப்பது வருசம் சம்பாதிக்கணும் நீ" என்றார் புவான். எனக்கு அது அப்போது ஏறவில்லை.

ஏறியது அடுத்த மாதம். காலையில் ஊறுகாய்ப் போத்தல் மூடியைத் திறக்கப் போனவள், போத்தலைக் கீழே போட்டாள். கட்டைவிரல் வீங்கி, சாவியைக்கூடத் திருப்ப முடியவில்லை. கைக்குப் பட்டை கட்டிவிட்டு, ஆறு வாரம் யாரையும் தொடக் கூடாது என்றார் மருத்துவர். அன்று மாலையே மகன் கைப்பேசியில் கோலாலம்பூர் வேலைகளைத் தேட ஆரம்பித்தான்.

"மூடிடலாம் மாமா. ஆறு வாரம் பூட்டிக் கிடந்தா யாரு திரும்பி வருவாங்க?" என்றாள். பேரப்பிள்ளை அவள் பட்டையை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

என் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள். "லோரிக்கு லோடு கணக்குப் பார்த்து ஏத்துவீங்க. பிரேக் கருகிருமேன்னு தாப்பா ரோட்டுல நின்னு நின்னு இறங்குவீங்க. வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கணக்கு இல்லாம ஏத்தினீங்களே."

என் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது.

அவள் குழுவில் செய்தி போட்டாள். மறுநாளே புவான் கூப்பிட்டார். பூட்ட வேண்டாம், முறை போட்டுக்கொண்டு நாங்கள் வருகிறோம் என்றார். ஒருவர் திங்கள், ஒருவர் வியாழன் என்று தங்கள் சொந்தக் கிளினிக்கில் ஒரு நாளை ஒதுக்கிவிட்டு மலை ஏறினார்கள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. கஷ்டப்பட்டுப் பிடித்த வாடிக்கையை வீடு தேடி வந்து அள்ளப்போகிறார்களே! வாசல் மேசையில் நானே உட்கார்ந்தேன். உபசாரத்தில் குறை வைக்கவில்லை. தேநீர், வடை எல்லாம் உண்டு. காதை மட்டும் திரைப்பக்கம் வைத்திருந்தேன்.

முதலில் வந்தது கம்பார் தம்பி. திரைக்கு அந்தப் பக்கம் கோலா தெர்லா லோரிக்காரர் ஒருவர், இடுப்பு வலி சரியான சந்தோசத்தில், "தம்பி, ஒன் நம்பர் குடு. நான் வாரா வாரம் கம்பார் வழியாத்தான் போறேன்" என்று மலாயில் கேட்டார். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"வேணாம் அங்கள். அவங்க எழுதி வச்சபடிதான் நான் செஞ்சேன். உங்க ஆளு அடுத்த மாசம் வந்துருவாங்க. நான் சும்மா ஸ்பேர் டயர்லா" என்றான் அவன்.

நான் மறுபடி உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் உடம்பு சிலிர்த்தது. இது எங்கள் லோரிக்காரர் சட்டம்! மலைப்பாதையில் ஒருவன் லோரி படுத்துவிட்டால், பின்னால் வருகிறவன் நிறுத்துவான். முள்ளங்கி வாடுவதற்குள் சரக்கைத் தன் வண்டியில் மாற்றி, படுத்தவன் பேரைச் சொல்லியே சந்தையில் இறக்குவான். அங்கே சரக்கு எடுக்கிற முதலாளித் தவுக்கேயிடம், "அடுத்த தடவை எனக்கே கொடு" என்று ஒருவன் கேட்டான் என்றால், அதன்பின் அவனுக்கு வளைவில் விளக்கு அடித்து வழி சொல்ல ஆள் இருக்காது. கல்லூரிப் பக்கம் போகாமலே எங்களுக்குத் தெரிந்த சட்டத்தை இந்தப் படித்த பிள்ளைகளும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கம்பார் தம்பிக்கு அன்று கூடுதலாக இரண்டு வடை வைத்தேன். "அங்கள், இன்னிக்கு ஏன் இவ்வளவு சிரிக்கிறீங்க?" என்றான். "நீ லோரிக்காரன்டா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

புவான் தன் முறைக்கு வந்தபோது, நோயாளிகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. என்னையும் மருமகளையும் உட்கார வைத்தார். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான், மதியம் கட்டாய ஓய்வு, கையால் அழுத்துகிற வேலையைக் குறைத்துப் பயிற்சியை அதிகமாக்கு என்று அவளிடம் சொன்னார். "இதெல்லாம் நானும் ஒருதரம் தோள் போய்ப் படுத்தப்புறம் எனக்கு மத்தவங்க சொல்லிக்குடுத்தது" என்றார். பிறகு என்னிடம், "பக்சிக், உங்க வேன் நல்ல வேன். திசைய மட்டும் மாத்துங்க. லயன் ஆளுங்கள இங்க கொண்டுவராம, இவள அங்க கொண்டுபோங்க."

தோட்டத்துக் கோயில் பக்கத்து மண்டபத்தைக் கோயில் தலைவரிடம் பேசி வாங்கியது நான்தான். வேறு யார் கேட்டாலும் கிடைத்திருக்காது. மருமகளின் விரல் ஆறிய பிறகு, வாரம் ஒரு நாள் காலையில் அங்கே கூட்டுப் பயிற்சி. கம்பளிச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாக நின்று சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றினார்கள். அவள் யாரையும் அழுத்த வேண்டியதில்லை. நடந்து நடந்து திருத்தினால் போதும்.

"இன்னும் மேல, இன்னும் மேல!"

"இதுக்கு மேல போனா கூரையத்தான் பிரிக்கணும் டாக்டரம்மா!"

"கொழுந்து கிள்ளுறப்போ இப்படிக் கை தூக்கியிருந்தா கங்காணி அப்பவே வெரட்டியிருப்பாரு!" என்று ஒருத்தி சொல்ல, மண்டபம் அதிர்ந்தது. வலி வந்தால் வீட்டில் உட்கார்ந்து முனகியவர்கள், இப்போது ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தி போய்க் கதவைத் தட்டுகிறாள். தோள் இறுகிய அந்த அம்மாள், ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் எல்லோர் முன்னாலும் கொண்டை ஊசியை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தன் கொண்டையைத் தானே போட்டுக்கொண்டார். கோணலான கொண்டை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வாசல் பெஞ்சில் இப்போது பழைய கூட்டம் இல்லை. ஆனால் வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள், குணமாகிப் போகிறார்கள், போனவர்கள் தம்பியை, மாமியாரை அனுப்புகிறார்கள். மற்ற ஊர்ப் பிசியோக்களும் மலைப்பக்கத்து ஆட்களை எங்களிடமே திருப்பிவிடுகிறார்கள். வருடம் முடிந்த நாளை யாரும் நினைவில்கூட வைத்திருக்கவில்லை. பேரன் வளர்ந்து இப்போது தானா ராத்தாவில் பாலர் பள்ளிக்குப் போகிறான்.

சென்ற மாதம் கம்பார் தம்பிக்கு அப்பெண்டிக்ஸ் அறுவை. குழுவில் முறை போட்டார்கள். செவ்வாய்க்கிழமை என் மருமகளுக்கு. வேன் யார் ஓட்டியது என்று கேட்க வேண்டுமா? தாப்பா வழியாக இறக்கிக்கொண்டு போனேன். அவன் கிளினிக் வாசல் மேசையிலும் நானே உட்கார்ந்தேன்.

கழுத்து வலிக்கு வந்த ஒரு சீன அம்மா, திரையை விலக்கி வெளியே வந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "இந்தப் பொண்ணு கை ரொம்ப நல்ல கைலா. இவ கிளினிக் எங்க? நம்பர் குடுங்க அங்கள்."

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தானா ராத்தா, சொந்தக் கடைவீடு, என் மருமகள், ஒரே கையால் கேமரன் மலையையே நிமிர்த்தியவள். எல்லாச் சொற்களும் வரிசையாக நின்றன. என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல லோடு என் வாசலுக்குத் தானாக வந்து நின்றதில்லை.

"வேணாம்மா" என்றேன். "இந்தக் கிளினிக் தம்பிக்கு இதவிட நல்ல கை. அடுத்த வாரம் எந்திரிச்சு வந்துருவான். நாங்க ஸ்பேர் டயர்."

திரைக்குப் பின்னால் என் மருமகள் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. சாயங்காலம் மலை ஏறும் வழியெல்லாம், "அத்த நம்பவே மாட்டாங்க மாமா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நம்பாதவர்கள் கம்பாருக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். அந்த நாள் முழுதும் நான் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை. இந்த மலையில் வேறு எவனாலும் அது முடியாது.