நீலத்துக்குள் விழுந்த ஊர்

மழை ஆய்வு அலுவலகத்தில் வரைபடம் போடுபவளை எல்லோரும் ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மழைமானிகளின் அளவுகளை ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, ஒரே அளவு மழை பெய்த இடங்களைக் கோட்டால் இணைத்து, வறண்ட பகுதிக்கு மஞ்சளும் நனைந்த பகுதிக்கு நீலமும் தீட்டுவது அவள் வேலை. அந்த வருடம் மஞ்சளுக்குள் வரும் ஊர்களுக்கு மட்டும்தான் தண்ணீர் லாரி என்று அறிவித்தார்கள். அவள் அண்ணன் பயிர் செய்யும் ஊர் நீலத்துக்குள் விழுந்தது.

அண்ணன் போனில் கத்தினான். “மாடு நாக்குத் தள்ளிச் செத்துக் கிடக்கு. கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா உன் கை தேஞ்சுபோயிடுமா?”

“நானா போடறேன்? அளவு சொல்ற இடத்துலதாண்ணே கோடு போகும்.”

மறுவாரம் ஊரே திரண்டு அலுவலகத்துக்கு வந்தது. காவலாளியின் மண்டையைப் பிளந்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். கணினித் திரைகள் சுவரில் மோதிச் சிதறின. ஒருவன் வரைபடத்தைக் கிழித்து அதிகாரியின் வாயில் திணித்தான். “தின்னுய்யா உன் மழையை!”

கடப்பாரையோடு அண்ணனும் கூட்டத்தில் இருந்தான். அவனுடைய பக்கத்து வயல்காரன், மேஜைக்கடியில் ஒளிந்திருந்த மேகத்தை யாரென்று தெரியாமல் முடியைப் பிடித்து வெளியே இழுத்து, வலது மணிக்கட்டில் உருட்டுக்கட்டையை இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

“டேய், அது என் தங்கச்சிடா!”

கடப்பாரையை எறிந்துவிட்டு அண்ணன் அவன்மேல் பாய்ந்தான். கீழே விழுந்தவனை முகத்திலேயே குத்திக்கொண்டிருந்தான். “போதும்ணே, விட்டுடு!” என்று அவள் அலறியது அவன் காதில் ஏறவேயில்லை. போலீஸ் வந்து பிரித்தபோது வயல்காரனுக்கு ஒரு கண் போயிருந்தது.

மாவுக்கட்டோடு வேலைக்குத் திரும்பியவள், இடது கையால் அந்தப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஊரில் மழைமானியே இல்லை. மேற்கே மலையுச்சியில் ஒன்று, கிழக்கே வெகுதூரத்தில் இன்னொன்று. இடைப்பட்ட இடத்தை மென்பொருள் குத்துமதிப்பாக நிரப்பி, மலையில் கொட்டிய மழையை ஊர்மேலும் பரப்பியிருந்தது. நில உயரத்தையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டாள். கோடு மலையடிவாரத்தில் ஒதுங்கியது, ஊர் மஞ்சளானது.

“அடிக்குப் பயந்து மாத்தினோம்னு சொல்லுவாங்கம்மா,” என்றார் அதிகாரி.

“சொல்லிட்டுப் போகட்டும் சார். தப்பு நம்மளுது.”

ஊருக்கு லாரி போனது. சிறையில் அண்ணனைப் பார்த்து வரைபடத்தில் நேர்ந்த தப்பை அவள் எதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

“அப்ப அந்தக் கட்டை சரியான ஆள் மேலதான் விழுந்திருக்கு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அடுத்த மாதமும் போனாள், அவன் வரவில்லை. அதற்கடுத்த மாதம் வந்தான். வயல்காரனுக்கு இன்னொரு கண்ணாவது தெரிகிறதா என்று கேட்டான். தெரிகிறது என்றாள்.