மாடத்தி பூசிய குகை

சுடலைமாடத்திக்கு வயது நாற்பத்துநாலு. அதில் இருபத்தைந்து வருடம் தலையில் சாந்துச் சட்டி இருந்திருக்கிறது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த மறுவாரமே ஏறிய சட்டி. பட்டம் என்கிற பகுதியில் எட்டு மாடி, கல்லாற்றில் ஒரு ரிசார்ட், நடுவில் கணக்கில்லாத வீடுகள் என்று ஊரில் பாதியை அவள் சுமந்துதான் மேலே ஏற்றினாள். ஆனால் ஒரு சுவரைக்கூடப் பூசியது கிடையாது. பூச்சுக் கரண்டியைக் கையில் எடுத்தால் கொத்தனார்கள் தங்கள் மீசையைப் பிடித்து இழுத்த மாதிரி பார்ப்பார்கள். பெண் சுமப்பாள், ஆண் பூசுவான். யார் போட்ட சட்டம் என்று ஒருவருக்கும் தெரியாது. மீறினால் மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

விதுராவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது பரணிலிருந்து ஒரு பொம்மை ரயில் விழுந்தது. ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, பாதித் தண்டவாளம். வீட்டுக்காரர் குப்பையில் போடச் சொன்னார். மாடத்தி தன் குப்பையில் போட்டுக்கொண்டு சாலை பஜாருக்கு வந்துவிட்டாள். அந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால் அவளுக்கு ஒற்றை அறை. பேட்டரி போட்டதும் எஞ்சின் ஓடி, கட்டில் காலில் முட்டி நின்றது. அன்றைக்கே கட்டிலுக்குக் கெட்ட காலம். இரண்டே மாதத்தில் அது வெளியே போய், ரயில் அறை முழுக்கப் படுத்துக்கொண்டது. அவள் புருஷன் பிச்சைக்கனி ஓட்டலில் பரோட்டா அடிக்கிறவர். வந்து பார்த்துவிட்டு, “நாம எங்கட்டி படுக்க?” என்றார்.

“ஸ்டேசன்லதான்,” என்றாள் மாடத்தி.

மற்றவர்கள் இந்த மாதிரி ரயில் ஊரைத் தெர்மோகோலில் செய்வார்கள், அட்டையில் செய்வார்கள். மாடத்திக்கு ஊர் கட்டுவது என்றால் சிமெண்டுதான். கோழிவலையை வளைத்துக் கட்டி, மேலே சாந்து பூசி மலை செய்தாள். ஊருக்குப் போகிற வழியில் வரும் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளை நட்டாள். நடுவில் ஒரு குகை வைத்தாள். ஆரல்வாய்மொழிப் பாதையில் அப்படியொரு குகை கிடையாது. இருந்தாலும் வைத்தாள். வளைவைப் பூசுவதுதான் பூச்சு வேலையிலேயே கஷ்டம் என்று கொத்தனார்கள் இருபத்தைந்து வருடமாக அலட்டியதை அவள் கீழே நின்று கேட்டிருக்கிறாள். டீ கிளாஸ் நுழையும் அளவுதான் குகைவாய். கரண்டி உள்ளே போகாது. ஐஸ்கிரீம் ஸ்பூனை வளைத்து அதைக்கொண்டு பூசினாள். ஏழு முறை இடிந்தது. எட்டாவது முறை முட்டை ஓடு மாதிரி வந்தது.

கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் மாதிரி ரயில் சங்கத்தார் இரண்டு நாள் கண்காட்சி வைத்தார்கள். மாடத்தி பெயர் கொடுத்தாள். மற்றவர்கள் தங்கள் ரயிலைக் கார் டிக்கியில் கொண்டுவந்தார்கள். மாடத்தியின் ரயில் நாலு பலகையாகப் பிரிந்து மினி டெம்போவில் வந்தது. வழியில் விரிசல் விட்டால் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வாளியில் சிமெண்டும் சலித்த மணலும் கூடவே வந்தன. தூக்குவதற்கு அவளுக்கு வேலை கொடுக்கும் மேஸ்திரி சத்தியதாஸ் மூன்று ஆட்களோடு வந்திருந்தார். பாறசாலைக்காரர். நல்ல மனுஷன்தான். கடைசியாகக் கரண்டி பிடித்துப் பத்து வருடம் இருக்கும். இப்போது விரலை நீட்டிக் காட்டுவதோடு சரி.

மாடத்தி கீழே குனிந்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பெயர் எழுதும் பெண் அஸ்வதி வந்தாள். குகையைத் தடவிப் பார்த்துவிட்டு, இது யாருடைய வேலை என்று கேட்டாள்.

“நம்மட பணிதான்,” என்றார் சத்தியதாஸ்.

மாடத்தி நிமிர்ந்தபோது மேசையில் அட்டை நின்றது. மலையாளத்தை அவள் பஸ் போர்டு படிக்கிற வேகத்தில்தான் படிப்பாள். முதல் வரியில் சத்தியதாஸ், மேஸ்திரி. இரண்டாவது வரியில் சகாயம், மாடத்தி. சகாயம் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கை முழுக்க அவள் பார்த்த உத்தியோகம் அது.

“இத மாத்தணும்,” என்றாள்.

“ஒரு பேரிலே என்ன இருக்கு மாடத்தி. நம்மள் ஒரு செட்டல்லே?” என்றார் சத்தியதாஸ்.

“செட்டுதான். அப்ப எம் பேரை மேல போட்டு, ஒம்ம பேரைச் சகாயத்துல போடும்.”

சங்கச் செயலாளர் வெங்கடகிருஷ்ணன் வந்தார். வெளிநாட்டு எஞ்சின்களைப் பஞ்சில் பொதிந்து வைத்திருப்பவர்.

“கோச்சுக்காதீங்கோம்மா. தண்டவாளம், காத்தாடி எல்லாம் நீங்க பண்ணினதுதான், ஒத்துக்கறேன். ஆனா இந்தக் குகைப் பூச்சு கைதேர்ந்த கொத்தன் வேலை. இதைப் பொம்மனாட்டி பண்ணினான்னு எழுதினா யாரும் நம்பமாட்டா. சங்கத்தைப் பாத்துன்னா சிரிப்பா.”

“நீங்க நம்புதீங்களா சாரே?”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

வேறு ஒரு பலகையில் பூசிக் காட்டலாம். ஆனால் அப்போதும் இந்தக் குகை மேஸ்திரியுடையதாகத்தான் நிற்கும். மாடத்தி டெம்போவுக்குப் போய்ச் சுத்தியலும் சிமெண்டு வாளியுமாக வந்தாள். யாரும் வாயைத் திறப்பதற்குள் குகைவாயில் நாலு அடி. எட்டாவது முறை வந்த வளைவு பொலபொலவென்று தண்டவாளத்தில் கொட்டியது. பக்கத்து மேசைக்காரர் தன் எஞ்சினைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார்.

வாளியைச் சத்தியதாசின் காலடியில் வைத்தாள். அதில் கிடந்த ஐஸ்கிரீம் ஸ்பூனை நீட்டினாள்.

“ஒம்ம வேலைதான மேஸ்திரி. பூசும்.”

சத்தியதாஸ் ஸ்பூனைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். நாலும் சேர்ந்தால் குகைவாயை அடைத்துவிடும் தடிமன். “இது என்னெக்கொண்டு ஆவாது,” என்றார் மெதுவாக.

மாடத்தி தரையில் உட்கார்ந்து சாந்து குழைத்தாள். வலையை வளைத்துக் கட்டினாள். உள்வளைவை ஸ்பூனின் முதுகால் தடவித் தடவி ஏற்றினாள். ஒன்றேகால் மணி நேரம். மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்த வெளிநாட்டு ரயில்களை நின்று பார்க்க ஆளில்லை. எல்லாரும் இங்கே ஈரச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் வெங்கடகிருஷ்ணன் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அந்த அட்டையைக் கிழிச்சுடும்மா அஸ்வதி,” என்றார்.

அஸ்வதி புது அட்டை எடுத்தாள். “சேச்சி, மாடத்தின்னு மாத்திரம் போட்டா மதியோ?”

“சுடலைமாடத்தி. முழுசா எழுதும்மா. எடம் பத்தலைன்னா அட்டையைப் பெருசாக்கு.”

வெங்கடகிருஷ்ணனுக்கு ஒரு கவலை பாக்கி இருந்தது. “நாளைக்கு மார்க் போடறவா வருவா. ரயில் ஓடினாத்தான் மார்க். மெதுவா ஒரு சுத்து விட்டுப் பாருங்களேன்.”

“ஈரப் பூச்சு சாரே, அதிர்ச்சி தாங்காது. மூணு நாள் தண்ணி காட்டணும்.”

“கண்காட்சியே நாளையோட முடியறதே.”

“அப்ப ஓடாது.”

“பரிசு போயிடுமேம்மா.”

“போட்டும். அவசரத்துல ஓட்டிப் பிளந்துச்சுன்னா பொம்பள பூசுனதுல்லா, அதான்னு சொல்லுவாங்க. அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம்.”

ஆக இரண்டு நாளும் மாடத்தியின் ரயில் குகைக்கு வெளியே சும்மா நின்றது. பரிசு பலராமபுரத்துக்காரர் ஒருவருடைய நீராவி எஞ்சினுக்குப் போனது. மாடத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து, குகைக்கு ஒரு துணியைப் போர்த்தி, மணிக்கொருதரம் கையால் தண்ணீர் தெளித்தாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது போல இருந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் துணியை விலக்கி வளைவைக் காட்டினாள். ஆரல்வாய்மொழியில் குகை ஏது என்று கேட்ட ஒரு ரயில்வேக்காரரிடம், “நீங்க கட்டாம விட்டுட்டீங்க,” என்றாள்.

இரண்டாம் நாள் சத்தியதாஸ் வேலைக்குப் போகாமல் வந்து, கொஞ்சம் தள்ளித் தூண் ஓரம் நின்றார். கையில் இரண்டு டீ. அவளிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் ஆறவிட்டுக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அவரைப் பொறுப்பாளி என்று நினைத்து, இதைக் கட்டியது யார் என்று கேட்டாள். இரண்டு கையிலும் டீ. அவர் மோவாயை மட்டும் மாடத்தி பக்கம் நீட்டினார்.

“வாயத் தொறந்து சொல்லும் மேஸ்திரி,” என்றாள் மாடத்தி, திரும்பிப் பார்க்காமல்.

“சுடலைமாடத்தி,” என்றார் சத்தியதாஸ். எதிரே நின்ற பெண்ணுக்கே பாதிதான் கேட்டது. இன்னொரு தடவை, தூணுக்கு அப்புறம் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.