ஊருக்கே தெரிந்த குரல்

பஸ் நிலையத்தில் அவரை எல்லாரும் 'மைக்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று வருடக்கணக்காக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தவர். வீட்டில் உப்பு கேட்டால்கூட வண்டி கிளம்பப்போகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி கிண்டல் செய்வாள்.

அவளுடைய தம்பி, எண்ணெய்த் துறை மந்திரியின் செயலாளருக்குக் கார் ஓட்டினான். ஒருநாள் வந்து, "மாமா, ஒரு நாடகத்துக்குக் கணீர்னு குரல் வேணுமாம். எங்க சார் உங்களைத்தான் கேக்கறார்" என்றான். மைக்குக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். ஜன்னல் இல்லாத அறையில் உட்காரவைத்து எழுதிக் கொடுத்ததை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்: "எண்ணெய்க் குழாயைத் தகர்த்தது நாங்கள்தான். இது ஆரம்பம்தான்." செயலாளரே கைகுலுக்கி அனுப்பினார்.

அடுத்த மாதம் எண்ணெய்க் குழாயின் பம்பு நிலையம் வெடித்தது. குழாயை ஒட்டியிருந்த குடிசைகள் ஆட்களோடு எரிந்துபோயின. மறுநாள் டிவியில், தீவிரவாதிகள் அனுப்பியது என்று ஒரு ஒலிப்பதிவைப் போட்டார்கள். துணி மடித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"அப்பா, இது நீங்கதானே?"

மைக் எழுந்து டிவியை அணைத்தார்.

கொஞ்ச நேரத்தில் மச்சினன் ஓடிவந்தான். முகத்தில் ஈயாடவில்லை. பின்சீட்டுப் பேச்சு அவன் காதில் விழுந்திருந்தது. மந்திரியும் செயலாளரும் கப்பல் கப்பலாக எண்ணெயைத் திருட்டுத்தனமாக விற்றிருக்கிறார்கள். தணிக்கைக்கு ஆள் வருவதற்குள் எண்ணெய் அளவைக் காட்டும் மீட்டரும் நிலையமும் இல்லாமல் போகவேண்டியிருந்தது.

"நாடகம்னுதான்க்கா சொன்னாங்க. சத்தியமா எனக்குத் தெரியாது."

"நாடகத்துக்கு வேற ஆளே கிடைக்கலையாடா? எல்லாருக்கும் தெரிஞ்ச குரலாப் பாத்துப் பிடிச்சிருக்காங்க. மாட்டிவிட ஒருத்தர் வேணும்ல?" என்றாள் அக்கா.

"எங்கயாவது போயிடுங்க மாமா."

"ஓடினா, நான்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் மைக்.

காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனார். முதல் அறிவிப்பைச் சொன்னதுமே நிலையம் கப்சிப் என்றானது. கூட்டம் அவருடைய கண்ணாடிக் கூண்டைத் திரும்பிப் பார்த்தது. யாரோ கல்லை விட்டெறிந்தார்கள். அவர் கதவைத் தாழிட்டுவிட்டு மறுபடி மைக்கை இழுத்துக்கொண்டார்.

"ஆமாங்க, அது என் குரல்தான். ஏமாந்து படிச்சேன். படிக்கச் சொன்னது யாருன்னு சொல்றேன், கேளுங்க."

செயலாளர் பெயர், அந்த அறை, திருட்டு எண்ணெய், எல்லாவற்றையும் சொன்னார். நாக்கு குழறியது, நிறுத்தவில்லை. போலீஸ் கதவை உடைத்து இழுத்துப்போனது.

தீவிரவாதி பிடிபட்டான் என்று மந்திரி பேட்டி கொடுத்தார். மச்சினனை எப்படி மிரட்டினார்களோ, மாமா ரகசியக் கூட்டங்களுக்குப் போவார் என்று கோர்ட்டில் கூசாமல் சொன்னான். அக்கா அதன்பிறகு அவன் முகத்தில் விழிக்கவில்லை.

விசாரணை நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் வீடு தேடி வந்தாள். கையெல்லாம் தீக்காயத் தழும்பு.

"என் பையன் அந்தத் தீயில போயிட்டான். ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஸ்டாண்டுல நின்னேன். உங்க வீட்டுக்காரர் பேசினதை முழுசாக் கேட்டேன். பொய் பேசற குரல் இல்லைங்க அது. நான் கோர்ட்டுல வந்து சொல்றேன்."

சொன்னாள். அரசு வக்கீல் குடைந்தெடுத்தும் ஒரு வார்த்தை மாறவில்லை. தூக்கு கேட்ட வழக்கு ஆயுள் தண்டனையோடு நின்றது. செயலாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

தீர்ப்பைக் கேட்ட மனைவி அழவில்லை. அவரை வேனில் ஏற்றும்வரை, "உடம்பைப் பாத்துக்கோங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.