இருபது டிஸ்க்கும் ஒரு மேனேஜரும்

சோதனை அறையில் அவளுக்கு ‘க்யூ அக்கா’ என்று பெயர். டிஸ்க்குகளையே வரிசையில் நிற்க வைத்ததால் வந்த பெயர். ஒரு பெட்டியிலுள்ள இருபது ஹார்ட் டிஸ்க்குகளும் சுவிட்சைப் போட்டதும் முண்டியடித்துக்கொண்டு மின்சாரத்தை இழுக்கும், ஃபியூஸ் போய்விடும். சுழலத் தொடங்கும்போதுதான் அவற்றுக்கு அகோரப் பசி. அதனால் மூன்று நொடிக்கு ஒன்றாக எழும்படி மாற்றியிருந்தாள். இன்று மேனேஜர் முன்னால், டிஸ்க்குக்கு ஒன்றாக உள்ள இருபது விளக்கும் எரியாவிட்டால் ஆறு மாத உழைப்பு குப்பைக்குப் போகும்.

மேனேஜருக்கோ பொறுமை என்பதே கிடையாது. ஏழாவது விளக்கிலேயே, “என்னம்மா, மீதியெல்லாம் தூங்குதா?” என்று சுவிட்சை அணைத்து மறுபடி போட்டார். வரிசை முதலிலிருந்து தொடங்கியது. அடுத்த முறை ஒன்பதில் அணைத்தார்.

“ஒரு நிமிஷம் பொறுங்க சார்.”

“ஒரு நிமிஷமா! அதுக்குள்ள நான் ரிட்டயரே ஆயிடுவேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. மேசைமேல் கிடந்த இரண்டு டிஸ்க்குகளை எடுத்து அவருடைய கைக்கொன்றாக வைத்தாள். “கொஞ்சம் பிடிச்சுக்கோங்க சார். ஆடாம, அசையாம.”

கைக்குழந்தையை ஏந்தியவர்போல் அவர் மூச்சை அடக்கி நின்றார். அவள் சுவிட்சைப் போட்டாள். அதைத் தொட அவருக்குக் கை இல்லை. இருபதாவது விளக்கும் எரிந்தது. ஃபியூஸ் போகவில்லை.

“அட, வேலை செய்யுதே! சரிம்மா, இனிமே எல்லாப் பெட்டியிலயும் இப்படியே வெச்சிடு. இதை எங்க வைக்கட்டும்?”

“அந்தக் குப்பைக்கூடையில போடுங்க சார். ரெண்டும் போன மாசமே பழுதானது.”